பசை காயும் நேரம்

கிராண்ட் பிரேரியில்
படிவத்தில் எல்லோரும் எழுதும் காரணம் ஒன்றுதான்:
கல்.
எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் லொறிகள்
சரளையை வாரி இறைத்தபடி போகிற ஊர் இது.
ஒன்பது குளிர்காலமாக
நானும் கல்லை நம்பிப் பழகியிருக்கிறேன்.

கல் வெளியிலிருந்து வரும்.
வெளிக் கண்ணாடியில் பாசிப்பயறு அளவு ஒரு குழி.
உட்புறம் தடவினால் வழவழப்பு,
அங்கே சேதியே போய்ச் சேர்ந்திருக்காது.
இரண்டுக்கும் நடுவே முக்கால் மில்லிமீற்றர் பிளாஸ்டிக் தாள்,
கண்ணுக்குத் தெரியாது,
பலாப்பால் மாதிரிப் பிடித்தால் விடாது.
இரவு மைனஸ் முப்பத்தொன்று.
காலையில் ஹீற்றரை முழுதாய்த் திருகுவார்கள்.
பயறு முளைவிடும்.
அந்தக் கரை வரை கோடு ஓடிய பிறகுதான்
என்னிடம் வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு சாம்பல் நிற டொட்ஜ்.
"கல்" என்றான், பெயர் பிரெட்.
மற்றக் கதவால் இறங்கியவள்
கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள்.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன்.
கண்ணாடி வெளிப்பக்கமாய்ப் புடைத்திருந்தது,
காற்றடைத்த கன்னம் போல.
உள்ளேயும் வெளியேயும் வெடிப்பு.
நடுவிலிருந்து ஆரங்கள் முதலில் ஓடியிருக்கும்,
வளையங்கள் பிறகு.
ஒவ்வொரு கோடும் கொஞ்சம் வேகத்தைத் தின்றிருக்கும்.
மிச்சத்தைத் தாள் வாங்கிக்கொண்டது,
கிழியாமல், இழுபட்டு, இன்னும் இழுபட்டு,
நொடியில் நூறில் ஒரு பங்கை
இரண்டு பங்காக்கிக் கொடுத்திருக்கிறது
ஒரு மண்டையோட்டுக்கு.

பம்பரில் கீறல் இல்லை.
காற்றுப்பை மடிப்புக் குலையவில்லை.
பயணி இருக்கைக்கு நேரெதிரே, வெடிப்புக்குள்,
மூன்று முடி.
நுனியில் மட்டும் பழைய நீலச் சாயம்.
தொப்பிக்குக் கீழே தெரிந்ததும் நீலம்தான்.

படிவத்தில் காரணத்துக்கான கட்டத்தை
நான் நிரப்பவில்லை.

கம்பியால் பழைய பசையை அறுத்தோம், நானும் ஓலெக்கும்.
உறிஞ்சுகிண்ணம் வைத்துத் தூக்கினோம்.
ஈரச் சாக்குப் போலத் தொய்ந்து வந்தது.
அத்தனை உடைந்தும்
நிலத்தில் பொடி மட்டும்தான், ஒரு துண்டு விழவில்லை.
நல்ல கண்ணாடி என்று வழக்கமாய்ச் சொல்வேன்.
அன்றைக்கு வாய் வரவில்லை.

புதியதை இறக்கி, ஓரம் அழுத்தி,
நாடா ஒட்டி முடிக்கு முன்பே
சாவிக்குக் கை நீட்டினான்.
"எவ்வளவு நேரம்?"
"நாலு மணித்தியாலம். இந்தக் குளிருக்கு.
முதலே ஓட்டினால் நாங்கள் பொறுப்பில்லை."

ஓலெக் நிமிர்ந்து பார்த்தான்.
கொட்டகைக்குள் இருபது டிகிரி.
பசைக்குழாயில் ஒரு மணித்தியாலம் என்று
அச்சிட்டிருந்தது, சிவப்பில், பெரிதாக.
அவன் குழாயை நசுக்கிக்
குப்பை வாளியின் அடியில் திணித்தான்.

சிநேகிதன் ஒருவன் வந்து பிரெட்டை ஏற்றிக்கொண்டான், சாப்பிட.
ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது.
"குளிருது" என்றாள் அவள்,
கதிரையை விட்டு அசையாமல்.

காத்திருக்கும் அறையில்
கோப்பி இயந்திரம் தனக்குத்தானே செருமியது.
கண்ணாடி நிறுவனத்தின் நாட்காட்டியில்
இன்னும் மார்கழி.
"உண்மையாவே நாலு மணித்தியாலமா?"
நான் ஹீற்றரை அவள் பக்கம் திருப்பினேன்.

தொப்பியை அவள் கழற்றவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
என்னுடைய போனைக் கேட்டாள்.
திரை போன வருடமே வெடித்தது,
மாற்ற மாற்ற என்று மாற்றாமல் விட்டது.
கொடுக்கும்போது சொன்னேன்:
"விரல் கவனம்.
இது உதிர்கிற சாதி."